ஈயம் வெட்டிய பையன்களும் ஓர் ஊரின் சாயங்காலமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். ஒருநாள் விடியற்காலையில் வள்ளக்காரர் ஒருவர் கரையில் போட்டிருந்த வலையைத் தூக்கினார். அடிக்கயிறு கனமே இல்லாமல் மேலே வந்தது. தடவிப் பார்த்தால் ஏழெட்டு பாகம் நீளத்துக்கு ஈயக்குண்டுகள் இல்லை, கயிறோடு சேர்த்து அறுத்திருந்தார்கள். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வலைகளுக்கு அதே கதி. நாலாவது நாள் இரவு ஆட்கள் ஒளிந்திருந்து பிடித்தார்கள். ஒருவனுக்கு 14 வயது, இன்னொருவனுக்கு 15. அடி தாங்காமல் அவர்கள் சொன்ன மூன்றாவது பையனுக்கு 16.

மூன்று பேரையும் குருசடிக்கு, அதாவது சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடத்துக்கு, பக்கத்து மின்கம்பத்தில் கட்டி வைத்தார்கள். விடியும்வரை அப்படியே நின்றார்கள். காலையில் ஊர்க் கமிட்டி கூடி, குடும்பங்களுக்கு அபராதம் போட்டது. 16 வயதுப் பையனுக்குப் பாட்டி மட்டும்தான். அந்தக் கிழவி கன்னியர் மடத்துக்கு ஓடிப்போய் அழுதாள். அங்கிருந்த சகோதரி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தார். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக இருந்தேன். இரண்டு நாள் கழித்து அந்த ஊருக்குள் போனேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சட்டச் சிக்கலில் மாட்டிய குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். நம் கடற்கரையில் ஒரு பையனுக்குக் ‘களவாணி’ என்று பெயர் விழுந்துவிட்டால், அவனுக்குப் பெண் பார்க்கிற நாள் வரை அந்தப் பெயர் பின்னாலேயே வரும்.

சட்டத்தின் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் பொறுமையானவர். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுதான், அதனால் சிறார் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். அதற்கு முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழலைப் பற்றிய அறிக்கையையும் சேர்த்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்கு கூடாது, லாக்கப் கூடாது. பையன்கள் வீட்டிலிருந்தபடியே குழுமத்துக்குப் போய்வந்தார்கள். விசாரணையின் முடிவில் அறிவுரையும், குழு ஆலோசனையும், சிறிது சமூக சேவையும் என்று உத்தரவானது. பையன்களைக் கட்டிவைத்து அடித்ததும் குற்றம்தான் என்று அந்த அலுவலர் கமிட்டிக்காரர்களிடம் நேராகவே சொன்னார். அதுவரை ஊரில் யாரும் அதை அப்படி யோசித்திருக்கவில்லை.

சரி, சட்டம் அதன் வேலையைச் செய்தது. ஆனால் குழுமத்துக்குப் போகிற நாள் தவிர மற்ற நாட்களில் அந்தப் பையன்கள் இருக்கப்போவது அதே கரையில்தானே?

வீடு வீடாக ஆறு வாரம்

உடனே கூட்டம் போடச் சொல்லி எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். நான் ஆறு வாரம் கேட்டேன். அந்த ஆறு வாரமும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. களப்பணியில் இதுதான் அதிகம் சலிக்க வைக்கும் பகுதி. இதை விட்டுவிட்டு எடுத்த எந்த வேலையும் எனக்கு நிலைத்ததில்லை.

போன வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்கள் இல்லை. கொச்சி, முனம்பம் துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் இருந்தார்கள், ஒருமுறை போனால் மாதம் ஒன்று ஓடிவிடும். சிலர் வளைகுடா நாடுகளில் மீன்பிடி வேலையில் இருந்தார்கள். 15 வயதுப் பையனின் அப்பா 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அந்த வீட்டுச் சுவரில் அவர் படம் இருந்தது, ஆனால் மாலை போடவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

பெண்கள் ஏலம் முடிந்து மீனை எடுத்துக்கொண்டு கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை என்று சந்தைகளுக்குப் போவார்கள். விற்று முடித்துப் பஸ் பிடித்து வீடு சேர ஏழரை, எட்டு மணியாகிவிடும். பள்ளி விடுவதோ நாலு மணிக்கு. நோட்டில் இந்த மணிக்கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தபோதுதான் எனக்கே விஷயம் கண்ணில் பட்டது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்த ஊரில் ஏறக்குறைய எல்லாப் பையன்களும் யாருடைய கணக்கிலும் இல்லை.

முன்பு அந்த நேரத்துக்கு இடம் இருந்தது. கரையில் பெரிய மணல்வெளி, அதில் பந்து விளையாட்டு. மேற்குக் கடற்கரையில் கால்பந்து என்றால் எவ்வளவு உயிர் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலரிப்பில் மணல் போனது. மிஞ்சியதில், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் தூண்டில் வளைவுக்கான கற்கள் வந்து குவிந்தன. அதிலும் மிஞ்சிய இடத்தில் வலை உலர்த்துகிறார்கள். சாலையோரப் படிப்பகத்தில் ஒரு காலத்தில் நாலு பத்திரிகை வந்துகொண்டிருந்ததாம். இப்போது பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. இடமில்லாத பையன்கள் கற்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அங்கே யாரோ போதைப் பாக்கு கொண்டுவந்தார்கள். அதற்குக் காசு வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த ஈயம். எந்தப் பையனும் ஈயத்தைத் தின்னப்போவதில்லை. பழைய உலோகம் வாங்கும் ஆக்கர் கடையில் எடைபோட்டு வாங்கினார்கள். வலையிலிருந்து அறுத்த குண்டு என்று பார்த்தாலே தெரியும், கயிற்றுத் துண்டு கூட ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்காமல் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் இருக்கிற பாக்குப் பொட்டலங்களைப் பெட்டிக்கடையில் பள்ளிச் சீருடையில் வந்தவனுக்கே கொடுத்தார்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருளோ போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கியவரும் விற்றவரும் வளர்ந்த ஆட்கள். மின்கம்பத்தில் நின்றதோ மூன்று பையன்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

முதல் கூட்டமும் என் தவறும்

ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் முதல் கூட்டம். நல்ல கூட்டம். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பின்னால் நின்றுகொண்டு. மைக் கை மாறிக்கொண்டே போனது. கடற்கரையில் கேமரா வைக்கலாம், இளைஞர்களைக் கம்போடு ராத்திரிக் காவல் விடலாம், சாலைக்கு அந்தப் பக்கத்துப் பையன்களை உள்ளே விடக் கூடாது என்று பேச்சு போனது. ஒரு பெரியவர் மூன்று பையன்களையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் ஜெயிலைக் காட்டினால் பயந்து திருந்திவிடுவார்கள் என்றார். பலர் கைதட்டினார்கள்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறை ஒன்றில் 1970களில் தொடங்கி, பல இடங்களில் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்ட வைத்தார்கள். பிறகு முறையாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். அன்றைக்கு இதையெல்லாம் மைக்கில் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நடுவில் ஒருவர் பையன்களின் பெயரை வீட்டுப் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டார். 15 வயதுப் பையனின் அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனார். நான் மேடையில்தான் இருந்தேன், தடுக்கவில்லை. கூட்டம் தொடங்கும் முன்பே ‘யார் பெயரும் சொல்லக் கூடாது’ என்று ஒரு விதி வைத்திருக்க வேண்டும். அது என் வேலை, நான் செய்யவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குள் மறுபடி என்னை விட இரண்டு மாதமானது.

அதற்குப் பிறகு பெரிய கூட்டம் போடவே இல்லை. ஒவ்வோர் அன்பியமாகப் போனோம். முப்பது வீடு சேர்ந்த குழு, ஏற்கெனவே மாதம் ஒருமுறை செபத்துக்குக் கூடுகிறவர்கள், பெண்களே நடத்துவது. செபம் முடிந்து சுக்குக் காப்பி குடிக்கிற நேரத்தில் பேச்சு. கேள்வியையும் மாற்றினேன். ‘பையன்களை என்ன செய்வது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘நேற்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்கள் பையன் எங்கே இருந்தான்? உங்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டேன்.

முதல் அன்பியத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா, “எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா அப்பம் விக்கிற மாமிக்குத் தெரியும்” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்குக்கடை மாமிக்கு எல்லாப் பையன்களையும் தெரிந்திருந்தது, எவன் பாக்கு போடுகிறான் என்பது வரை. “ஏன் மாமி சொல்லல?” என்று கேட்டதற்கு மாமி சொன்னார்: “சொன்னா உன் பிள்ளையப் பாத்துக்கோன்னு சொல்லுவியோ மக்களே. யாரு கேட்டா?”

இந்த இரண்டு வருட வேலையில் எழுதத் தகுந்ததாக ஒன்று இருந்தால், அது மாமியின் இந்தப் பதில்தான். பார்த்தவர் ஒருவர், தெரிந்துகொள்ள வேண்டியவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் வழி அடைபட்டிருந்தது. சிகாகோ நகரத்தில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவர் கூட்டாளிகளும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள்: பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? செய்வார்கள் என்று நம்புகிறவர்கள் அதிகம் இருந்த பகுதிகளில், வறுமையையும் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. 1997இல் வெளிவந்த முடிவு அது. நம் கடற்கரையில் அடுத்தவர் பிள்ளையின் காதைத் திருகுகிற உரிமை ஒரு காலத்தில் எல்லாருக்கும் இருந்தது. அடிக்கும் உரிமை திரும்ப வர வேண்டாம், கேட்கும் உரிமை வந்தால் போதும்.

சாலைக்கு அந்தப் பக்கம்

இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். குமரி மாவட்டத்தில் ‘ஊர்’ என்று சொன்னால் பெரும்பாலும் தன் சமூகத்தார் இருக்கிற ஊர் என்றுதான் பொருள். சாலைக்குக் கிழக்கே வேறு சமூகம், வேறு கோயில், வேறு கமிட்டி. பிடிபட்ட மூன்று பேரில் ஒருவன் அந்தப் பக்கத்துப் பையன். முதல் கூட்டத்தில் ‘அவனுவதான் கெடுத்தானுவ’ என்று ஒருவர் சொன்னபோது எனக்கு உள்ளே நடுங்கியது. 1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிக் கடற்கரை முழுக்கப் பரவிய மதக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரைத் திரட்டுவது என்ற பெயரில் ஓர் ஊரை இன்னோர் ஊருக்கு எதிராகத் திரட்டிவிடுவது இங்கே மிகவும் எளிது. ராத்திரிக் காவலுக்கு நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். கம்பு வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞனுக்கு என்றாவது ஒருநாள் அதை ஓங்கத் தோன்றும்.

அதனால் பொதுக் கூட்டங்களைப் பங்கு மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டோம். பூட்டிக் கிடந்த படிப்பகம் சாலையோரத்தில் இருந்தது, இரு பக்கத்துக்கும் பொது. பங்குத்தந்தையிடம் சொன்னபோது முதலில் முகம் வாடினார். அப்புறம் அவரே வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று கோப்பில் இருந்தது, கூடியதே இல்லை. அந்தப் பெயரிலேயே கூட்டத்தைப் போட்டோம். அங்கன்வாடி ஊழியர், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், இரு பக்கத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள், கூடவே இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் வந்த முதல் நாளிலேயே ஒரு பெண் பிள்ளை, “கல்லுக்குப் பின்னால லைட் இல்ல” என்று சொன்னாள். அவள் வாய் திறந்து சொன்னது அவ்வளவுதான். மூன்று மாதத்தில் விளக்கு வந்தது.

பையன்களோடு தினமும் யார் பழகுவது என்ற கேள்வி வந்தபோது படித்த பெயர்களாகவே சொன்னார்கள். பையன்கள் சொன்ன பெயர் வேறு. ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர், நல்ல பந்தாட்டக்காரர், சிறுவயதில் ஓர் அடிதடி வழக்கில் உள்ளே போய்வந்தவர். கமிட்டி ஒரே குரலில் மறுத்தது. நான் அவர் பக்கம் நின்றேன். 1930களில் சிகாகோவில் சமூகவியலாளர் கிளிஃபோர்ட் ஷா தொடங்கிய சிறார் குற்றத் தடுப்பு வேலைத்திட்டத்தின் அடிப்படையே இதுதான். சில பகுதிகளில் குடியேறுகிற மக்கள் மாறி மாறி வந்தாலும் சிறார் குற்றம் மட்டும் குறையாமல் இருப்பதை அவர் கண்டார். குறை பிள்ளைகளின் இனத்தில் இல்லை, அந்த இடத்தின் வாழ்க்கையில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, அந்தத் தெருவின் ஆட்களையே, சிறை சென்று திரும்பியவர்கள் உட்பட, வேலைக்கு எடுத்தார். வெளியூரிலிருந்து வரும் என்னைப் போன்றவர்கள் ஆறு மணிப் பஸ்ஸில் போய்விடுவோம். ஐஸ் பிளாண்ட் அண்ணன் ஏழரை மணிக்கும் அங்கேதான் இருப்பார்.

விளையாடப் பள்ளி மைதானத்தைக் கேட்டோம். யாராவது விழுந்து கை உடைந்தால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் தயங்கினார். அவர் பயம் நியாயமானதுதான். சாயங்காலம் ஆறரை வரை இரண்டு பெற்றோர் மைதானத்தில் இருப்பார்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகு சாவி வந்தது. அணியை இரு பக்கத்துப் பையன்களையும் கலந்தே பிரிக்க வேண்டும் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மாட்டிய மூன்று பேருக்கென்று தனியாக எதுவும் நடத்தக் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939 முதல் 1945 வரை நூற்றுக்கணக்கான பையன்களுக்கு ஆலோசனை, பாடம், கோடை முகாம் என்று அன்போடு செய்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் தேடிப்போய்ப் பார்த்தபோது, உதவி பெறாதவர்களைவிட உதவி பெற்றவர்களின் நிலை பல வகையில் மோசமாக இருந்தது. முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள் நிலை இன்னும் மோசம். அடையாளம் போட்ட பையன்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது நாம் சொல்லிக்கொடுப்பதாக இருக்காது. நாற்பது பேர் ஆடுகிற இடத்தில் மூன்று பேர் கலந்து மறைந்துவிட வேண்டும்.

ஆக்கர் கடைக்கும் பெட்டிக்கடைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களே போனார்கள். சத்தம் போடவில்லை. 77ஆவது பிரிவை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். 18 வயதுக்கு உட்பட்டவரிடம் ஈயமும் செம்பும் வாங்குவதில்லை என்று ஆக்கர் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். பெட்டிக்கடையில் இரண்டு வாரம் பொட்டலம் நின்றது, அப்புறம் மறுபடி வந்தது. மூன்றாவது முறை பெண்கள் காவல் நிலையத்துக்கே போனார்கள். அதன் பிறகுதான் நின்றது.

சமூக சேவையை வலைக்காரரே கேட்டு வாங்கினார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. “எங்கிட்ட விடுங்க, அறுத்த கை கோக்கட்டும்” என்றார். குழுமத்தின் அனுமதியோடு சனிக்கிழமை இரண்டு மணி நேரம், கரையில் மட்டும், கடலுக்குக் கூட்டிப்போகாமல். முதல் வாரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பையன்களும் தலை தூக்கவில்லை. மூன்றாவது வாரம் 14 வயதுக்காரனுக்கு முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். மின்கம்பத்தில் அவனைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

தடைக்காலம் முடிந்த பிறகு

சாயங்காலத்தைப் பங்குபோட்டுக்கொண்டோம். நாலு வீட்டுத் திண்ணை, ஒவ்வொரு நாளும் இரண்டு பெரியவர்கள். பையன்களைப் பின்தொடர்வதோ பையைச் சோதிப்பதோ கிடையாது. விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், வருகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், சாயா கேட்டால் கொடுக்க வேண்டும். எவனையாவது இரண்டு நாள் காணவில்லையென்றால் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஊரில் சொல்லக் கூடாது.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத் தடையும் ஏறக்குறைய அதே காலம் என்பதால் கொச்சிக்குப் போன அப்பாக்களும் வீட்டில் இருந்தார்கள். இடவப்பாதி மழையிலும் முறை தவறாமல் திண்ணைக்கு வந்தார்கள். மகனோடு அந்த நேரத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எல்லாம் நடந்துவிட்டதென்று நினைத்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் படகுகள் போயின, திண்ணைகள் இருட்டாயின. மூன்று வாரம் அப்படியே கிடந்தது. ஆண்கள் ஊரில் இருக்கிற இரண்டு மாதத்தை வைத்து வருடம் முழுமைக்கும் திட்டம் போட்டது பெரிய பிழை. அப்பம் விற்கும் மாமியும் இரண்டு பாட்டிகளும் கல்லூரிக்குப் போய்வரும் நாலு பெண்களும் அதைக் கையில் எடுத்தார்கள். இப்போது நடப்பது அவர்கள் நடத்துவதுதான். நாலு திண்ணை இரண்டாகக் குறைந்திருக்கிறது, ஆனால் அணையவில்லை.

பிள்ளை ஏதாவது செய்து மாட்டினால் கட்டவோ அடிக்கவோ கூடாது, முதலில் பெற்றோருக்கும் அன்பியத் தலைவிக்கும் சொல்லி, பிறகு குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கூப்பிட வேண்டும் என்று கமிட்டி தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அது நடைமுறைக்கும் வந்தது. அடுத்த வருடம் ஒரு சைக்கிள் திருட்டில் இரண்டு சின்னப் பையன்கள் மாட்டியபோது யாரும் அவர்கள் மேல் கை வைக்கவில்லை.

14 வயதுக்காரன் பத்தாம் வகுப்பை முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போனான். 15 வயதுக்காரன் இரண்டு முறை பாக்குக்குத் திரும்பினான், இரண்டு முறையும் ஐஸ் பிளாண்ட் அண்ணன் கூட்டிவந்தார். இப்போது பள்ளி அணியில் கோல் காக்கிறான். 16 வயதுக்காரனை நாங்கள் பிடித்துவைக்க முடியவில்லை. அவனுக்குப் படிப்பு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. பந்தும் திண்ணையும் படிக்கிற பையன்களின் நேரத்துக்குப் பொருந்துகிறபடி நாங்கள் அமைத்தவை. பகல் முழுக்கச் சும்மா இருந்த ஒருவனுக்கு அதில் எதுவும் இல்லை. அவனுக்கென்று ஒரு தொழில், ஒரு பயிற்சி என்று தொடக்கத்திலேயே நான் அலைந்திருக்க வேண்டும். எட்டாவது மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில் வெளியூரில் பிடிபட்டு, வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் திருநெல்வேலிக் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான்.

பாட்டிக்குத் தனியாகப் பஸ் ஏறத் தெரியாது. அவனைப் பார்க்கப் போகிற நாட்களில் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவும் இந்தப் பக்கத்திலிருந்து 15 வயதுக்காரனின் அம்மாவும் கூடப் போனார்கள். நான் கேட்டு ஏற்பாடு செய்ததல்ல. எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவன் திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பேசியிருக்கிறோம், முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. அதுவரை சனிக்கிழமை வலைக்காரரிடம் வருகிறான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை.